ஆமா, இல்ல

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பொதுச் சம்மத அலுவலகத்தின் இயக்குநர் டாக்டர் ஃபிலிப்பா ஆர்மிட்டேஜ், விமானப்படையிலிருந்து விங் கமாண்டர் ஹேடன் ஸ்ப்ரோல், அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட ஆலோசகர் கர்ட்டிஸ் லாம், அவருடைய பதிவு இயந்திரம், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு 'பை', சுடச்சுட, தக்காளி சாஸுடன், பிறகு ஆஸ்திரேலிய மக்கள்.

ஆஸ்திரேலிய மக்கள் என்பது நெவில் ட்ரஸ்காட். குயின்பியனில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்ப்பவன். ஐம்பதைத் தாண்டியவன். கருத்துக் கேட்டு யாராவது போன் செய்தால் பட்டென்று வைத்துவிடத் தெரியாதவன். இத்தனை கஷ்டமும் அந்த ஒரு குறையால் வந்தது.

பல வருடங்களாக அவன் போனில் சொன்ன பதில்களை எல்லாம் யாரோ ஒருவர் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார். அவன் திங்கட்கிழமை நினைத்ததை நாடு வியாழக்கிழமை நினைத்திருந்தது. அவனுக்கு ஒரு பிரதமர் அலுத்தபோது நாட்டுக்கும் அலுத்தது. அவன் பற்பசையை மாற்றினால் நாடும் மாற்றியது. பெர்த்திலிருந்து கெய்ர்ன்ஸ் வரை ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டு அலைவதற்குப் பதில் இந்த ஒருவனைக் கேட்டால் போதும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஜனநாயகத்தின் செலவு ஒரு இறைச்சிப் பை அளவுக்குக் குறைந்தது.

கேட்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். தூரத்து நாடு ஒன்றில், வேறு யாரோ ஆரம்பித்த சண்டையில், நம் விமானங்களும் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. போடும்போது சண்டைக்குச் சம்பந்தமில்லாத ஆட்களும் செத்தார்கள். அது அலுவலகத்தின் பிரச்சினை இல்லை. அப்படிச் செத்தால் சில சமயம் பிரதமரின் ஆதரவு இறங்கியது, சில சமயம் இறங்கவில்லை. ஏன் என்று புரியவில்லை. அதுதான் பிரச்சினை. ஆகவே போடுவதற்கு முன்பே நெவ்வைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று ஏற்பாடு.

முதல் நாளே டாக்டர் ஆர்மிட்டேஜ் அவனை உட்காரவைத்து விளக்கினார்.

"நெவ், நாங்க உங்ககிட்ட அனுமதி கேக்கல. அனுமதி கேட்டா பொறுப்பு உங்க தலையில விழும், அது நியாயமில்ல. இது நடந்தா உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்னு மட்டும்தான் கேக்கறோம். சங்கடமா இருந்தா நடக்காது. இல்லேன்னா நடக்கும். பொறுப்பு யாருக்கும் கிடையாது. இந்த ஆபீசோட சாதனையே அதுதான்."

"அப்போ நான் சங்கடமா இருக்குன்னு சொன்னா அந்த ஆளுங்க பொழச்சுப்பாங்களா?"

"அவ்வளவு பச்சையா சொல்லக்கூடாது," என்றார் அவர், கொஞ்சம் முகம் சுளித்து. "ஆனா பொழச்சுப்பாங்க."

வீட்டுக்குப் போய் மனைவி ஜாய்லீனிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னையா? போன வருஷம் என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போகலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியாம கார்லயே உக்காந்திருந்தியே, அந்த உன்னையா?"

"ஆமா."

"நாடு உருப்பட்டாப்லதான்."

அலுவலகத்துக்கு முறைகள் இருந்தன. கேள்விக்கு முன்னால் நெவ் கட்டாயம் பை சாப்பிட வேண்டும். பசியோடு இருப்பவனுக்கு இரக்கம் கூடுதல் என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. சாப்பிட்டு உடனே கேட்டாலும் கூடாது, தூக்கம் வந்து எதற்கும் தலையாட்டுவான். வார இறுதியில் உள்ளூர் ரக்பி அணி தோற்றிருந்தால் அந்த வாரம் குண்டுவீச்சே தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் தூரத்து நாட்டில் உயிரோடு இருக்கும் பலர், நம்முடைய ஒரு முழங்கால் சவ்வு கிழிந்த ஆட்டக்காரனுக்குக் கடன்பட்டவர்கள். அவர்களுக்கு அது தெரியாது.

நெவ்வின் நாற்காலிக் கையில் ஒரு திருகு இருந்தது. இடது பக்கம் திருப்பினால் பிரதமர் இருக்கட்டும். வலது பக்கம் திருப்பினால் பிரதமர் தொலையட்டும். கேள்வி படிக்கப்படும்போது மனசு போகிற பக்கம் அவன் திருக வேண்டும். பத்துப் பேர் செத்தால்? கொஞ்சம் வலது. பத்துப் பேர், ஆனால் எல்லாரும் ஆண்கள்? நடுவுக்கு வந்துவிட்டது. அதே பத்துப் பேர், படம் எதுவும் வெளியாகவில்லை? இடது. விங் கமாண்டர் ஸ்ப்ரோல் இதையெல்லாம் கோத்து ஒரு கணக்கு வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் பெருமையோடு பேசுவார்.

"செத்தவன் ஒருத்தன்னா ஒருத்தன்தான்னு வெளியில நினைச்சுக்கிட்டிருக்காங்க. ரொம்பப் பழைய கணக்கு அது. படத்தோட செத்த குழந்தை ஒண்ணரை ஆள். படம் இல்லாத குழந்தை கால் ஆள். கெழவன் கெழவிங்க அஞ்சு பேர் சேர்ந்தா ஒரு ஆள். பேர் நம்ம வாய்ல நுழையலேன்னா அதுலயும் பாதி. இப்படிக் கணக்குப் பண்ணிப் போட்டதால போன வருஷம் பூரா மொத்தம் ஆறு பேர்தான் செத்திருக்காங்க. இவ்வளவு இரக்கமான போர் சரித்திரத்துலயே கிடையாது."

நாய் விஷயம் நடந்தது அப்போதுதான். ஒரு பேச்சுக்கு டாக்டர் ஆர்மிட்டேஜ் கேட்டார்: வெடிகுண்டு மோப்பம் பிடிக்கிற நம் ராணுவ நாய் ஒன்று, பெயர் பிஸ்கட், அந்தப் பக்கம் நின்று அடிபட்டுச் செத்துவிட்டால்? நெவ் தன்னை அறியாமல் வலது பக்கம் திருகினான். திருகு கையோடு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே நாய்களைப் போர்முனையிலிருந்து அழைத்துவர ஒரு தனி விமானம் ஒதுக்கப்பட்டது. திருகைச் சரிசெய்ய டெண்டர் விடப்பட்டது. விமானம் மறுநாளே கிளம்பியது. டெண்டர் நிலுவையில் இருக்கிறது.

அதனால் அந்தத் தூரத்து நாட்டின் கொர்மாஸ் நகரத்து மாவு மில் பற்றிய கேள்வி வந்த அன்று திருகு இல்லை. வாயால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு ஆமா, இல்லை என்று பிரித்து எழுதத்தான் கர்ட்டிஸ் லாமின் இயந்திரம்.

டாக்டர் ஆர்மிட்டேஜ் படித்தார்: "கொர்மாஸ்ல ஒரு தானிய வசதி இருக்கு. எதிரித் தளபதி ஒருத்தர் அங்க இருக்கலாம்னு நம்பப்படுது. காலை நேரத்துல அந்த வசதியை முடக்கினா உங்களுக்குச் சரியா இருக்குமா?"

"தானிய வசதின்னா?"

"மாவு மில்," என்றார் ஸ்ப்ரோல்.

"காலையில அங்க யாராவது இருப்பாங்களா?"

"இருப்பாங்க. வரிசையில."

"எதுக்கு வரிசை?"

"மாவுக்குத்தான்."

நெவ் பாதி தின்ற பையைக் கீழே வைத்தான்.

"பதில் சுருக்கமா இருந்தா மெஷினுக்கு நல்லது," என்றார் கர்ட்டிஸ் லாம்.

"ஆமா, இல்ல," என்றான் நெவ்.

குயின்பியனில் பிறந்த கைக்குழந்தைக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். குயின்பியன் என்ன, தேசம் முழுக்கத் தெரியும். முன்னால் வருகிற ஆமா, நீ சொன்னது காதில் விழுந்தது, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதற்கு. பின்னால் வருகிற இல்லைதான் பதில். "இல்ல, ஆமா" என்றால் சரி என்று அர்த்தம். "ஆமா, இல்ல" என்றால் வேண்டாம். இன்னொரு பீர் வேண்டுமா என்று கேட்டு இப்படிப் பதில் வந்தால் நம் ஊரில் எவனும் ஊற்ற மாட்டான்.

நெவ் நிம்மதியாக வீடு போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தான். ஜாய்லீனிடம் சொன்னபோது அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. இரண்டு ஆட்டு இறைச்சித் துண்டுகளில் பெரியதை அவன் தட்டில் வைத்தாள்.

அடுத்த நாள் டயர் கடையில் தேநீர் இடைவேளை. மூலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் படுத்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளை.

"அங்கெல்லாம் பனி பெய்யுமா மாப்ள?" என்று கேட்டான் கூட வேலை செய்யும் டாஸ்.

படத்தில் ஒருவன் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் கை ஆட ஆட அதிலிருந்து மாவு உதிர்ந்தது. செய்தி வாசித்தவர், இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்று பாதுகாப்புத் துறை தெரிவித்திருப்பதாகச் சொல்லிவிட்டு ரக்பிக்குப் போனார்.

நெவ் கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு, வேலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு கான்பெரா போனான்.

அலுவலகத்தில் அவனை யாரும் தடுக்கவில்லை. அவன் வருவான் என்று எதிர்பார்த்தே ஒரு கூட்டம் கூட்டியிருந்தார்கள். அதன் பெயர் விசாரணை இல்லை. கற்றல் அமர்வு.

"நான் வேண்டாம்னு சொன்னேன்," என்றான் நெவ் நின்றபடியே.

கர்ட்டிஸ் லாம் பதிவைத் தட்டினார். "முதல் வார்த்தை ஆமா. எங்க ஊர்ல முதல் வார்த்தைதான் பதில். ரெண்டாவதா வர்றதெல்லாம் தயக்கம். தயக்கத்தை மெஷின் கழிச்சிரும்."

"அது தயக்கம் இல்லய்யா. அதுதான் பதிலு." நெவ் இயக்குநர் பக்கம் திரும்பினான். "நீங்களும் நம்ம பக்கம், கவ்ராவுல பொறந்தவங்கதானே டாக்டர்? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

டாக்டர் ஆர்மிட்டேஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தனிப்பட்ட முறையில எனக்குத் தெரியும் நெவ். எங்கம்மா தினமும் அப்படித்தான் பேசுவாங்க. ஆனா அலுவலக முறையில எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே தடுத்திருக்கணும், இல்லையா? நான் தடுக்கல. அதனால எனக்குத் தெரியாது."

"எத்தன பேரு?"

"பன்னெண்டு," என்றார் ஸ்ப்ரோல்.

"டிவில அறுபது பேருக்கு மேலன்னான்."

"தலைகள் அறுபத்து மூணு. எல்லாம் நரைச்ச தலை. அஞ்சுக்கு ஒண்ணு. பன்னெண்டு புள்ளி ஆறு வந்துச்சு. புள்ளியை விட்டுட்டோம்."

"நரை இல்ல அது. மாவு! அந்தப் பொண்ணுக்கு ஏழு வயசுகூட இருக்காது."

ஸ்ப்ரோல் மேலிருந்து எடுத்த படத்தை நெவ் பக்கம் நகர்த்தினார். "நீங்களே பாருங்க. வெள்ளை முடி. குள்ளமான கெழவி."

நெவ் பார்க்கவில்லை. "தளபதி?"

"அவரு அங்க இல்ல. அதுவும் ஒரு தகவல்தான். இப்ப எங்க இல்லைன்னு உறுதியா தெரியுது."

அப்போதுதான் கர்ட்டிஸ் லாம் எழுந்து நின்றார். அவர் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்தவனின் பொலிவு இருந்தது. குண்டு போட்டு முடித்த பிறகு, சரிபார்ப்பதற்காக, நாடு முழுக்கப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். கொர்மாஸில் நடந்தது உங்களுக்குச் சரியா? எழுபத்தொரு சதவீதம் ஆமா. பிரதமரின் ஆதரவு ஓர் இம்மிகூட இறங்கவில்லை.

"எழுபத்தொண்ணா?" என்றான் நெவ். "நம்ம ஆளுங்களா?"

"கேளுங்க, நீங்களே கேளுங்க," என்று பதிவுகளை ஓடவிட்டார் கர்ட்டிஸ் லாம்.

பெர்த்திலிருந்து ஒரு பெண்: "ஆமா, இல்ல." ஹோபார்ட்டிலிருந்து ஒரு கிழவர்: "ஆமா, இல்லப்பா, எப்படிய்யா அது." கெய்ர்ன்ஸிலிருந்து ஒருவன், பின்னால் குழந்தை அழுகிறது: "ஆமா, இல்ல, இல்ல." அடிலெய்டில் ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "ஆமா... இல்ல."

ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா! நெவ் சொன்ன அதே ரெண்டு வார்த்தை! அச்சு மாறாம நாடே சொல்லியிருக்கு. இவ்வளவு துல்லியமான ஒரு மாதிரியை நான் எந்த நாட்டுலயும் பாத்ததில்ல." அவர் கைதட்டினார். ஸ்ப்ரோலும் தட்டினார். டாக்டர் ஆர்மிட்டேஜ் மேஜையை விரலால் தட்டினார்.

"அவங்க எல்லாரும் வேண்டாம்னு சொல்றாங்க," என்றான் நெவ். அவனுக்கே தன் குரல் கேட்கவில்லை. "எல்லாருமே. இதத் திருத்துங்க. பேப்பர்ல போடுங்க."

"திருத்தினா பிரதமருக்கு இருபத்தொம்போது சதவீதம்தான் மிஞ்சும்," என்றார் டாக்டர் ஆர்மிட்டேஜ், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அறுபத்து மூணு பேர் செத்ததுல குறையாத ஆதரவு, ஒரு இலக்கணப் பிழையில குறையணுமா? நீங்க ஒரு குடிமகனா யோசிங்க நெவ். அது அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்."

கிளம்பும்போது அவனுக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த ஆஸ்திரேலியா. அதை அவன் கார் நிறுத்துமிடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். அலுவலகம் அதையும் குறித்துக்கொண்டது.

கொர்மாஸில் பிழைத்தவர்கள் ஆற்றைக் கடந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். இது நெவ்வுக்குச் செய்தியில் தெரிந்தது. தளபதியும் அங்கேதான் இருக்கக்கூடும் என்பது, அடுத்த கேள்விக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது தெரிந்தது.

"போகாத," என்றாள் ஜாய்லீன்.

"போகலேன்னா கேக்காமலே போடுவானுங்க. கேக்கறவரைக்கும்தானே ஒரு வழி இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"அப்போ இப்படிச் சொல்லு. ஒத்த வார்த்தை. இல்ல. அதோட வாய மூடிக்க. முன்னாடி எதையும் சேக்காத. சொல்லு பாப்போம். அந்த ஸ்கூல் மேல போடலாமா?"

"ஆ..." என்று ஆரம்பித்துவிட்டான்.

"மடையா! மறுபடி."

"ஆம்... சே."

"என் மூஞ்சியப் பாக்காத. சுவத்தப் பாத்துச் சொல்லு. யாரையோ மனசு நோகடிக்கிற மாதிரி இருக்குல்ல உனக்கு? நோகட்டும். நொந்தா சாகமாட்டானுங்க."

இருவரும் சமையலறையில் நின்று திரும்பத் திரும்பப் பழகினார்கள். ஐம்பது வருட நாக்கு அது. காரில் போகும்போதும் கண்ணாடியைப் பார்த்து, சிவப்பு விளக்குகளைப் பார்த்து, முன்னால் போகிற லாரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான். இல்ல. இல்ல. இல்ல.

அறையில் அதே ஆட்கள். பை இருந்தது. தின்னவில்லை.

டாக்டர் ஆர்மிட்டேஜ் படித்தார்: "கொர்மாஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முன்னாள் கல்வி வளாகம் இருக்கு. அதை முடக்கினா உங்களுக்குச் சரியா இருக்குமா?"

நெவ் சுவரைப் பார்த்தான்.

"இல்ல."

யாரும் எதுவும் எழுதவில்லை. இயந்திரத்தில் பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. கர்ட்டிஸ் லாம் அதைத் தட்டிப் பார்த்தார்.

"மறுபடி கேக்கறேன்," என்றார் டாக்டர் ஆர்மிட்டேஜ். "அதை முடக்கினா..."

"இல்ல."

"நெவ்." அவர் உண்மையாகவே புண்பட்டிருந்தார். "முன்னாடி ஒரு ஆமாகூட இல்லாமலா?"

"இல்ல."

கர்ட்டிஸ் லாம் கணினியில் எதையோ தேடினார். நாடு முழுவதும் சேகரித்த இத்தனை பதிவுகளில் ஒருவர்கூட இப்படி மொட்டையாகச் சொன்னதில்லை என்றார். ஆஸ்திரேலியர்கள் இப்படிப் பேசுவதில்லை. இந்த ஆள் இப்போது யாரைப் போலவும் இல்லை.

"டிவி பாத்தீங்களா?" என்று கேட்டார் ஸ்ப்ரோல், மருத்துவர் நோயாளியிடம் கேட்பதுபோல.

"பாத்தேன்."

"அதப் பத்தி வீட்ல பேசினீங்களா?"

"பேசினேன்."

"ராத்திரி தூக்கம்?"

"வரல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஆர்மிட்டேஜ் பேனாவை மூடினார்.

"நெவ், இது உங்க தப்பில்ல. மாதிரின்னா மக்கள் மாதிரியே இருக்கணும். மக்கள் ஒரு விஷயத்தைக் கேள்விப்படுவாங்க, ஐயோன்னுவாங்க, வேலையப் பாக்கப் போயிருவாங்க. நீங்க யோசிச்சுட்டீங்க. யோசிச்ச ஆளை வெச்சு நாட்டை அளக்கறது நாட்டுக்கே செய்யற துரோகம். உங்க பதிலை நாங்க கணக்குல சேக்க முடியாது."

"என்னை விடுங்க. அந்த ஸ்கூலு?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். மக்களைத்தான் கேக்கப் போறோம்."

ஒரு காவலாளி நெவ்வின் முழங்கையைப் பிடித்து, மரியாதையாகவே, வெளியே கூட்டிவந்தான். நடைவழியில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து பை தின்றுகொண்டிருந்தாள். மடியில் காகிதக் கைக்குட்டை, மேலே தெறித்த சாஸ். வாகா வாகா என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவளாம், பெயர் மார்லீன். அவளே சொன்னாள். நெவ்வுக்கு அடுத்தபடியாக நாட்டோடு ஒத்துப்போகிறவள் என்று காலையில்தான் போன் வந்ததாம்.

நெவ் காவலாளியின் கையை உதறிவிட்டு அவள் முன்னால் குனிந்தான்.

"உள்ள ஒரு ஸ்கூலப் பத்திக் கேப்பாங்கம்மா. கல்வி வளாகம்பாங்க. ஏமாறாத, ஸ்கூல்தான். அதுல ஆளுங்க இருக்காங்க. குழந்தைங்க இருக்காங்க. நீ சொல்றதுலதான் இருக்கு எல்லாம்."

மார்லீன் மெல்லுவதை நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்.

"ஐயோ, அதுக்கா கூப்பிட்டாங்க? குழந்தைங்க இருக்கற இடத்துல போட நான் விட்டுடுவேனா?"

"இல்லன்னு மட்டும் சொல்லு. ஒத்த வார்த்தை. முன்னாடி ஆமா வரக்கூடாது. புரியுதா? முன்னாடி ஆமா வந்தா..."

"மார்லீன்!" என்று உள்ளிருந்து டாக்டர் ஆர்மிட்டேஜின் குரல் கேட்டது, அன்பாக.

மார்லீன் எழுந்து பாவாடையில் ஒட்டிய பைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். காவலாளி நெவ்வை மறுபடி பிடித்தான். அவள் வாசல்படியில் திரும்பி, பயப்படாதே என்பதுபோல அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"நான் ஒத்துக்குவேன்னு நினைக்கறீங்களா?" என்றாள். "ஆமா, இல்ல!"

அவள் உள்ளே போனாள். அவள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.